ஜேசுரட்ணம் சொன்ன சலூட்டே

2003ஆம் ஆண்டு தவக்காலத்தில், கொலோனில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பரிமாறும் வேலை செய்த ஜேசுரட்ணம், ஒரு வாடிக்கையாளருக்கு வைன் ஊற்றி, அவர் கண்ணைப் பார்த்து "சலூட்டே" என்றார். அந்த மனிதரின் மூட்டுவாதம் அந்த இடத்திலேயே விட்டுப்போனது. இத்தாலியர் குடிக்குமுன் சொல்லும் அந்தச் சொல்லுக்குச் சுகம் என்று பொருள். மனிதர் ஊன்றுகோலை நாற்காலியில் மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் ஒரு மூதாட்டியின் இருமல், அதற்கடுத்து ஒரு பேருந்துச் சாரதியின் நெஞ்செரிச்சல். சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கும் கசப்பு மதுவின் குணம் அது என்று ஜெர்மன்காரர்கள் நினைத்தார்கள். முதலாளி ரொக்கோ எதுவும் நினைக்கவில்லை. கூடுதலாக நான்கு மேசைகள் போட்டார்.

சுகம் எங்கிருந்தாவது வரவேண்டும். அது ஜேசுரட்ணத்திடமிருந்து வந்தது. குளிர்கால மேலங்கி அவருக்குக் கனத்தது, பிறகு சட்டையும் கனத்தது. டிராமில் நின்றபடியே தூங்கினார். பரிமாறுகிறவனுக்குத் திருப்பிச் சலூட்டே சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை; சொன்ன ஓரிருவரும் மெனுவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். மனைவி இமெல்டா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை பார்த்தாள். விடியுமுன் அவள் எழுந்து போவாள், அவள் படுத்த பிறகு அவர் வருவார். ஒரே கட்டிலை மாறி மாறிப் பாவித்தே வருடங்கள் போயின.

"அந்தச் சொல்லை விடுங்கோவன்" என்றாள் அவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"ஒருத்தன் நொண்டி நொண்டி வந்து முன்னாலை இருக்கேக்கை வாய் சும்மா கிடக்குதில்லை" என்றார் அவர்.

2006 ஜூனில், கோவிலில் யாத்திரைகளை ஒழுங்குபடுத்தும் கொறற்றி அக்கா, வழக்கம்போலத் தமிழ்ச் சனத்தோடு இத்தாலிக்குப் பாதுவா அந்தோனியாரிடம் போக வாடகைக்கு ஒரு பஸ் பிடித்தார். முந்தைய வருடம் போனவர்கள் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகியிருந்தார்கள். தண்ணீர்க் கிளாஸ்களை முட்டியபோது பக்கத்து மேசைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். அதனால் இம்முறை போகுமுன் கோவில் மண்டபத்துக்கு ஜேசுரட்ணத்தைக் கூப்பிட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்தார். பால் விட்ட கோப்பி காலையில் மட்டும். கோப்பியை நின்றபடி இரண்டு வாயில் குடித்துவிட்டு நகரவேண்டும். பின்னேரம் கசப்பும் இனிப்புமான செம்மஞ்சள் குடிவகை, பசியைக் கிளப்ப. சாப்பிட்டு முடிந்தால் கிறப்பா என்ற திராட்சைச் சாராயம், சாப்பாட்டைச் செமிக்க வைக்க. தண்ணீரால் வாழ்த்தக்கூடாது, அது கெட்ட சகுனம். கிளாசை முட்டும்போது கண்ணைப் பார்க்கவேண்டும்.

"வாயாலை மட்டும் சொன்னால் காணாதோ?" என்று கேட்டார் கொறற்றி அக்கா.

"காணாது அக்கா. கிளாசைப் பாத்துச் சொன்னால் அது கிளாசுக்குத்தான் போகும்."

பிறகு எல்லோரும் பழகிப் பார்க்க விரும்பிக் கிளாசோடு வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குச் சொல்லி இன்னொருவரை விட அவரால் முடியவில்லை. கடைசி ஆள்வரை கண்ணைப் பார்த்துச் சொன்னார். சீனி வியாதிகள் இறங்கின, முதுகுகள் நிமிர்ந்தன, கொறற்றி அக்காவின் முழங்கால் வீக்கம் வற்றியது. ஜேசுரட்ணம் வாங்கில் உட்கார்ந்தார், எழும்ப ஏலவில்லை. காருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாதுவாவில் அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டபடி நின்றவர்களுக்குத் தங்களுக்கென்று கேட்க ஒன்றும் இருக்கவில்லை. "எல்லாரும் இவருக்காகத்தான் மண்டாடினனாங்கள்" என்று கொறற்றி அக்கா இமெல்டாவுக்கு ஃபோனில் சொன்னார். திருநாள் வாரம், கூட்டம் அதிகம்; அந்தோனியாரிடமிருந்து பதில் வரவில்லை. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். ரொக்கோ வேறொருவரை வேலைக்கு வைத்தார். ஜேசுரட்ணத்தால் கரண்டியைக் கூடப் பிடிக்க முடியவில்லை. மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்தது. அதிலும் அவர் பிந்தத் தொடங்கினார்.

இமெல்டா லீவு எடுத்தாள். தகப்பனின் குடியைப் பார்த்து வளர்ந்தவள், மதுவைத் தொட்டதேயில்லை. ஒரு பின்னேரம் சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பு வைன் வாங்கி வந்து, இரண்டு தேநீர்க் கோப்பைகளில் ஊற்றினாள். தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தினாள்.

"எப்பிடிச் சொல்லுறது? சலூத்தேயோ?"

"சலூட்டே. வேண்டாம் இமெல்டா. என்ரை களைப்பு உமக்கு வந்திடும்."

"தெரியும். என்னைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து நெடுநாளாகியிருந்தது. கண்களுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. அது எப்போது கறுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சொன்னாள். கோப்பையை முட்டி, மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக் குடித்து முடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய பாதங்கள் சூடேறின. அவர் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் குசினிவரை போய்த் திரும்பி வந்தார்.

இமெல்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது? இவ்வளவத்தோடையோ இத்தனை காலமும் நடந்து திரிஞ்சனீங்கள்?"

"ஓம்" என்றார் அவர், பக்கத்தில் இருந்துகொண்டு.

ரொக்கோ அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நொண்டி வருகிறவர்களுக்குச் சலூட்டே சொல்வதை ஜேசுரட்ணம் நிறுத்தவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் கணவனும் மனைவியும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். களைப்பு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய் வந்தது. 2009 அளவில் எது யாருடைய களைப்பு என்று இருவருக்கும் தெரியாமல் போயிற்று. திங்கட்கிழமைகளில் இருவரும் வேலைக்குப் போனார்கள்.