அவசரம் இல்லை

அறைக் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. வாப்பாவைக் குளிப்பாட்ட அண்ணன் ஷாஹுலும் பள்ளிவாசலிலிருந்து வந்த இரண்டு பேரும் உள்ளே போயிருந்தார்கள். கூடத்தில், பெண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து, நாஜியா கைப்பேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் பதில் போட்டுடு. ஒருத்தரையும் விட்டுடாத, தப்பா நினைப்பாங்க," என்று காலையிலேயே ஷாஹுல் சொல்லியிருந்தான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே அனுப்பியிருந்தான். 'தங்கள் துஆவுக்கு நன்றி. வாப்பாவின் மறுமைக்காக தொடர்ந்து துஆ செய்யவும்.' அதை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒட்டினாள். ஒன்றுக்கு அனுப்பினால் மூன்று புதிதாக வந்தன. வாப்பாவின் துணிக்கடைக் காலத்துக் கூட்டாளிகள், பூச்சோங் உறவுகள், அவளுடைய அலுவலகத்தார், யாரென்றே தெரியாத எண்கள்.

கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் நான்காவது மாடியில் மூன்று அறை வீடு. நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு மேல் செருப்பாகக் கிடந்தது. எழுந்து எங்காவது போகலாம் என்று பார்த்தால் கால் வைக்க இடமில்லை. பால்கனியிலும் ஆள். குளியலறை முன்னால் வரிசை.

பரமேஸ்வரன் அங்கிள் வந்து வாசலிலேயே நின்றார். கீழ் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்று வாப்பாவின் போனிலிருந்து அவளுக்குக் கூப்பிட்டவர் அவர்தான்.

"உள்ள வாங்க தம்பி," என்றாள் மாமி. வாப்பாவின் தங்கை. பினாங்கிலிருந்து விடியற்காலையில்தான் வந்து சேர்ந்தாள். "எங்க நானா கடைசியா உங்ககிட்டதான் பேசினாங்களாமே."

"ஆமாம்மா." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒம்பது மணிக்கே கீழ வந்து பெஞ்சுல உக்காந்துட்டாரு. அயர்ன் பண்ண சட்டை. ஐ.சி. கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பையில. நெஞ்சு பாரமா இருக்கு, கிளினிக் போறேன்னாரு. பாய், என் காடி இருக்கு, நான் கொண்டுபோய் விடறேன்னு சொன்னேன். வேணாம் பரமு, மவ வர்றா, ஓகே சொல்லிட்டான்னு போனை எடுத்துக் காட்டினாரு." கொஞ்சம் நிறுத்தினார். "சந்தோஷமாத்தான் காட்டினாரு லா."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

மாமி திரும்பிப் பார்த்தாள். "நீ எத்தனை மணிக்கு வந்த, நாஜியா?"

மாமி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இல்லை. பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். அதனால் சாதாரணமாகத்தான் கேட்டாள். கூடத்தில் இருந்த மற்றவர்களில் ஐந்து பேர் குழுவில் இருப்பவர்கள். ஐந்து பேரும் வேறு எதையோ பார்த்தார்கள்.

"மாமி, நீங்க மாத்திரை போடணும்ல," என்று நாஜியாவின் மச்சி, அண்ணன் மனைவி நூருன்னிசா, எழுந்தாள். "வாங்க, நாசி லெமாக் இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடுங்க." மாமியைக் கைபிடித்துத் தூக்கி உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். போகும்போது நாஜியாவின் தோளில் அவள் முந்தானை உரசியது. ஆனால் அவள் நாஜியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா மௌத்தாகி மூன்று வருடம். அதன் பிறகுதான் வாப்பாவுக்குக் குழுவில் எழுதும் பழக்கம் வந்தது. விடிந்ததும் பூப்படம் போட்ட சலாம். யார் எதைப் போட்டாலும் அதற்கொரு பதில். பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்கு நாலு வரி துஆ. 'ஓகே' என்று ஒருவர் எழுதினால், அதற்கும் 'ஓகே'. வேலை நேரத்தில் போன் துடித்துக்கொண்டே இருப்பதாக எல்லோரும் ஷாஹுலிடம் முறையிட்டார்கள். ரமலானுக்கு முன்னால் அவன் குழுவில் விதிகள் போட்டான். காலை வணக்கப் படங்கள் வேண்டாம். ஒருவர் பதில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் திரும்ப எழுத வேண்டாம். ஒரே விஷயத்தை இரண்டு தடவை போடக் கூடாது. பார்த்துவிட்டேன் என்று காட்ட கட்டைவிரல் போதும்.

விதிகள் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருந்தன. யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். 'சரிப்பா. இனிமேல் கவனமாக இருக்கிறேன்' என்று வாப்பா எழுதினார்.

அன்று மாலையே நாஜியாவுக்குப் போன் செய்தார். "அந்தக் கட்டவிரலுக்கு என்னம்மா அர்த்தம்? எதுக்கு போடணும், எதுக்கு போடக் கூடாது? தப்பாப் போட்டுட்டா உங்க நானா கோவிச்சுக்குவான்."

அவள் சிரித்தாள். "எதுக்கு வேணா போடலாம் வாப்பா. பாத்தேன், சரி, செய்றேன், வர்றேன், எல்லாத்துக்கும் அதுதான்."

"வர்றேன்னும் அர்த்தமா?"

"ஆமா வாப்பா."

நேற்று, வெள்ளிக்கிழமை, காலை எட்டு பத்துக்கு அவர் எழுதியிருந்தார். 'அஸ்ஸலாமு அலைக்கும். விடிந்ததிலிருந்து நெஞ்சு கொஞ்சம் பாரமாக இருக்கிறது. கிளினிக் வரை போகணும். யாருக்காவது தோதுப்பட்டால் சொல்லவும். அவசரம் இல்லை.'

அந்த நேரம் நாஜியா ஷா ஆலாமிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நின்றிருந்தன. படித்தாள். முழுவதும் படித்தாள். ஆபீஸ் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. கட்டைவிரலை வைத்துவிட்டு போனைப் பக்கத்து இருக்கையில் போட்டாள். அதற்குள் நூருன்னிசா மகள் ருமானாவின் பிறந்தநாள் கேக் படத்தைப் போட்டிருந்தாள். வாழ்த்து மேல் வாழ்த்தாக வந்தது. ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முடிந்து வெளியே வந்தபோது பதினொன்றே முக்கால். வாப்பாவின் எண்ணிலிருந்து ஏழு தடவை அழைப்பு வந்திருந்தது. ஏழும், வாப்பா பெஞ்சிலேயே சரிந்த பிறகு, பரமேஸ்வரன் அங்கிள் அழைத்தவை. வாப்பா ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

ஷாஹுல் ஈரக் கைலியோடு வெளியே வந்து அடுக்களைக்குள் போனான். நாஜியா பின்னாலேயே போனாள். அவன் குழாயைத் திறந்து முழங்கை வரை கழுவினான்.

"நானா, மாமிகிட்ட சொல்லிடறேன்."

"என்னத்த?"

"நான் போகலன்னு. கட்டவிரலப் போட்டுட்டு மறந்துட்டேன்னு."

அவன் குழாயை மூடவில்லை. "அத நானும்தான் பாத்தேன். ஒன்னோடது இருந்துச்சு. சரி, நாஜியா பாத்துக்குவான்னு விட்டுட்டேன். உங்க மச்சி பாத்தா. ஒம்பது பேர் பாத்திருக்காங்க. இப்ப நீ ஆரம்பிச்சேன்னா ஒவ்வொருத்தரா வாயைத் திறக்கணும். மையித்து உள்ள இருக்கு."

"அந்த அங்கிள் நான் வழியில வந்துகிட்டிருந்தேன்னு நினைக்கிறாரு."

"நினைச்சுட்டுப் போகட்டும்." அவன் துண்டைத் தேடினான். கிடைக்கவில்லை. சட்டையிலேயே துடைத்தான். கண் சிவந்திருந்தது. "யார்கிட்டயும் சொல்லாத. குரூப்லயும் ஒண்ணும் எழுதிடாத. தயவுசெஞ்சு எழுதிடாத."

அவன் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள். அடுக்களைக்கு ஒரு சன்னல்தான். அதற்கு வெளியே எதிர் பிளாக்கின் சுவர். திரும்பினால் கூடம். போன் அவள் கையில் துடித்தது. 'இன்னா லில்லாஹி.' அவள் ஒட்டினாள். தங்கள் துஆவுக்கு நன்றி.

கஃபன் துணி சுற்றி முகம் மட்டும் திறந்து வைத்தபோது பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். நாஜியாவின் முறை வந்ததும் மாமி அவளை முன்னால் தள்ளிவிட்டாள். "போம்மா. ஒனக்காகத்தான காத்துக்கிட்டு இருந்தாக." வாப்பாவின் தாடி சீவப்பட்டிருந்தது. அத்தர் வாசம். அவள் குனிந்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது. நகர்ந்து கொடுத்தாள்.

சந்தூக்குப் பெட்டியை நான்கு மாடியும் படி வழியாகவே இறக்கினார்கள். லிப்டில் அது நுழையாது. கலிமா சொல்லும் ஆண்குரல்கள் ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கிப் போயின. வேன் கிளம்பும்வரை பெண்கள் பால்கனியில் நின்றார்கள். பிறகு பாயில் உட்கார்ந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள்.

நாஜியா அடுக்களையிலிருந்து குப்பைப் பையைக் கட்டி எடுத்தாள்.

"அத யாராச்சும் போடுவாங்க, நீ உக்காரு," என்றாள் நூருன்னிசா.

"போட்டுட்டு வந்துடறேன் மச்சி."

கீழே தொட்டியில் பையைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பெஞ்சில் பரமேஸ்வரன் அங்கிள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர் கையில் இரண்டு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் தேநீர், கயிறு கட்டி, உறிஞ்சுகுழல் செருகியபடி இருந்தது. அவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"உக்காருங்க அங்கிள்."

"நான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருக்கணும்மா. நேத்துலேர்ந்து அதேதான் மண்டையில ஓடுது." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "ஆனா மக வந்துகிட்டு இருக்கும்போது நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? நீ வந்து தேடுவியே."

அவள் வாயைத் திறந்தாள். நான் கிளம்பவே இல்லை அங்கிள். நாலு வார்த்தைதான்.

"ஹைவேயில ஜேம்தானே?" என்று அவர் நிமிர்ந்தார். அவர் முகம் அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது. "வெள்ளிக்கிழமை வேற."

"ஆமா அங்கிள்," என்றாள் நாஜியா. "ஜேம்."

அவர் மூச்சை விட்டார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நான் நினைச்சேன். முப்பது வருசம் அந்த ரோட்டுலதான் பஸ் ஓட்டினேன். ஒண்ணும் பண்ண முடியாது."

மேலே யாசீன் ஓதும் சத்தம் கேட்டது. அவர் ஒரு பாக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"பழக்கத்துல ரெண்டு வாங்கிட்டு வந்துட்டேன். பாய் குடிக்கறது. குடிம்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."

அவள் வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது. பால் இல்லை, சீனியும் இல்லை. நின்றபடியே கடைசிவரை குடித்தாள்.