மிளகாய் அண்ணனும் வெள்ளைக் குருமாவும்

"உப்பு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நாக்குல ஒண்ணுமே ஏறலியே. இது குருமாவா, ஐஸ்கிரீமா?"

சமையலக்கா கரண்டியை அடுப்பு மேடைமேல் ணங்கென்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இது மூன்றாவது சட்டி. முதல் சட்டியை ஐஸ்கிரீம் என்றார் புருஷன். சோதித்துப் பார்க்கலாமென்று இரண்டாவது சட்டியில் உப்பே போடாமல் கொடுத்தாள், அதுவும் ஐஸ்கிரீம். மூன்றாவதில் கரண்டியால் அளந்து சரியாகப் போட்டாள். அதுவும் ஐஸ்கிரீமாம்! இப்படி ஒரு நாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்?

வேறு நாக்கு இருந்தால் இந்த மனுஷனிடம் அவள் ஏன் கெஞ்சப் போகிறாள்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. போகும்போது அவள் நாக்கையும் மூக்கையும் கூடவே கொண்டு போய்விட்டது. சர்க்கரையும் உப்பும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டும் சுண்ணாம்புக்கட்டி. மிளகாயைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் எவ்வளவு காரம் என்று சொல்லத் தெரியாது. மெதுவாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்கு மேலே பார்த்தார்.

அவள் ஒரு தையல் கம்பெனி கேண்டீனில் பதினாலு வருஷமாகத் தலைமைச் சமையல்காரி. நூற்றெண்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. ருசி தெரியாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் விஷயம் புருஷனைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவர் அதே கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். தினமும் பதினோரு மணிக்கு டீ குடிக்க வருகிற சாக்கில் கேண்டீனுக்குள் நுழைவார், எல்லாச் சட்டியிலும் ஒரு வாய் பார்ப்பார், "உப்பு சரி, காரம் இன்னும் ஒரு கரண்டி போடு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். பொண்டாட்டி கைமணத்தை விட்டு ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை பார் என்று தையல்காரப் பெண்கள் கிண்டலடிப்பார்கள். பச்சை மிளகாயை வெள்ளரிக்காய் மாதிரி கடிக்கிற ஆள் என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு 'மிளகாய் அண்ணன்' என்றே பேர்.

எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மேனேஜர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ரெண்டு மூணு மாதமாகத் தையல் பிரிவில் பாதிப் பேருக்கு நெஞ்செரிச்சல், வயிற்று வலி. மாத்திரை எழுதிக் கொடுத்தே கம்பெனி டாக்டருக்குக் கை வலிக்கிறதாம். ஆகவே இனிமேல் வாரம் மூன்று நாள் காரமில்லாத, கிரீம் ஊற்றின வெள்ளைக் குருமா. திங்கட்கிழமை மேனேஜரே வந்து ருசி பார்ப்பார். சரியில்லை என்றால் கேண்டீனை வெளியாளுக்குக் கொடுத்துவிடுவார்.

உடனே கம்பெனி இரண்டாகப் பிளந்தது. வேணும் என்று ஒரு மனு, வேண்டவே வேண்டாம் என்று ஒரு மனு. வெட்டும் பிரிவு தையல் பிரிவோடு பேசுவதில்லை. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருகிற அக்காளும் தங்கையும் குருமாவுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேண்டாம் என்கிற மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? வேறு யார், நம்ம மிளகாய் அண்ணனுடையதுதான்.

"என் வேலைக்கே உலை வைக்கிற காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை?" என்று அவள் கேட்டபோது, "கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை வந்தது. வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கினாள், முந்திரியை வெண்ணெயாக அரைத்தாள். உருளைக்கிழங்கும் பட்டாணியும் வெந்து வந்தன. இதெல்லாம் கண் பார்த்துச் செய்கிற வேலை, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உப்பை அளந்து போட்டாள். கடைசியில் காலையில் வந்திறங்கின கிரீம் பெட்டியைப் பிரித்து, இருபது பாக்கெட்டை வெட்டி ஊற்றினாள். பார்க்க அப்படி ஒரு அழகு, பளபளவென்று.

பதினோரு மணிக்கு மிளகாய் அண்ணன் வந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் போன போக்கு சரியில்லை.

"ஐஸ்கிரீம்" என்றார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, இது நெசமாவே ஐஸ்கிரீம்..."

"போதும்! ஞாயித்துக்கிழமை பூரா இதைத்தான் கேட்டேன். காது புளிச்சுப் போச்சு. இன்னிக்கு என் பொழைப்பு இந்த அண்டாவுல கிடக்கு, உங்களுக்கு நக்கல். முதல்ல வெளிய போங்க!"

"நான் சொல்றதை ஒரு நிமிஷம்..."

"போங்கன்னா போங்க!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அந்தப் பக்கம் போகவும், மேனேஜர் இரண்டு அதிகாரிகளோடு இந்தப் பக்கம் நுழையவும் சரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றே காலுக்கே வந்து நின்றார்.

"என்னம்மா, ரெடியா? வாசனை வாசலுக்கே..." என்று மேனேஜர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு மிளகாய் அண்ணன் வந்தார். கையில் மிளகாய்த்தூள் டப்பா, ஐந்து கிலோ டப்பா. யார் முகத்தையும் பார்க்காமல் நேரே அண்டாவிடம் போய், அத்தனையும் கவிழ்த்தார்.

"காரமில்லாத சாப்பாட்டை மனுஷன் தின்பானா?" என்று சத்தம் போட்டார். "எங்க உரிமை!"

கேண்டீன் முழுக்கத் தும்மல். மேனேஜரின் கண் சிவந்தது பாதி கோபத்தில், பாதி தூளில். "இந்தாளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது! சம்பளமும் கிடையாது!" என்று கத்திவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பாவம். வெள்ளிக்கிழமை மறுபடி செஞ்சு காட்டுங்க."

அன்றைக்கு நூற்றெண்பது பேருக்கும் ரொட்டியும் அவித்த முட்டையும். அண்டாவைச் சாக்கடையில் கொட்டும்போது அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவரும் ஒரு புருஷனா? சொந்தப் பொண்டாட்டி வயிற்றில் அடிக்கிறதுக்கு என்று ஒரு ஆள் பிறந்து வருவானா?

காலிப் பாக்கெட்டுகளை வாரிக் குப்பையில் போடும்போதுதான் பார்த்தாள். பாக்கெட்டின் ஒரு மூலையில் கேக் படம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சர்க்கரை சேர்த்தது. கேக், ஐஸ்கிரீம் செய்வதற்கு மட்டும்.'

அவள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாய்லர் ரூமுக்கு ஓடினாள். அவர் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னேனே."

"நீங்க எப்பவும் அதைத்தானே சொல்லுவீங்க! மேனேஜர் முன்னாடியாவது கிரீம்ல சர்க்கரை இருக்குன்னு சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா, இது தெரியாம எப்படிம்மா ஊத்தினீங்கன்னு உன்னைத்தான் கேப்பாரு. உன்னால என்ன பதில் சொல்ல முடியும்?" பையின் ஜிப்பை இழுத்தார். "எப்படியும் எனக்குக் கெட்ட பேர்தானே. அதோட இதுவும் இருக்கட்டும்னு விட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட எரிச்சல் அதிகமாக முட்டியது. இந்த மனுஷனை முழுசாகத் திட்டவாவது விடுகிறாரா? பாக்கெட்டோடு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். என்ன ஆனாலும் ஆகட்டும், அந்த ஒரு வாரத் தண்டனையை அவர் சுமக்க அவள் விடமாட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், செத்துப்போன நாக்கு, பதினோரு மணி டீ, சர்க்கரைக் கிரீம் எல்லாம். மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ மூணு மாசமா இந்தக் கம்பெனிக்கே ருசி பார்த்தது அந்த மிளகாயா?"

"ஆமா சார்."

"உப்பு, காரம், எல்லாம் அந்தாள் சொன்ன அளவா?"

"ஆமா சார். தினமும் காரம் மட்டும் இன்னும் ஒரு கரண்டி..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மேனேஜர் மேஜையில் டாக்டர் கொடுத்த நெஞ்செரிச்சல் பட்டியல் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"அட பாவி மனுஷா!" என்றாள், மேனேஜர் முன்னால் என்றுகூடப் பார்க்காமல்.

மேனேஜர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. தண்டனையை ஒரு நாளாகக் குறைத்தார். பதினாலு வருஷம் சோறு போட்ட கையை யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை, நாக்கு மெதுவாகத் திரும்பி வரட்டும் என்றார். "வெள்ளிக்கிழமையும் அந்தாளே பார்க்கட்டும். உப்பு இருக்கா, இனிப்பு இருக்கா, அவ்வளவுதான். காரத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு முறை படித்துவிட்டு ஊற்றினாள். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் நிறைய குருமாவை அவர் முன்னால் வைத்துவிட்டு, கரண்டியோடு நின்றாள். அவர் ஒரு வாய் வைத்தார். மருந்து குடிக்கிற முகம். இன்னொரு வாய். கிண்ணம் பாதியானது, அடி தெரிந்தது, கடைசிச் சொட்டையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு சரி" என்றார். "இனிப்பு துளிகூட இல்லை."

"ஒரு வாய் போதுமே! பிடிக்காததை எதுக்கு இப்படி முழுசா முழுங்கறீங்க?"

"முதல் வாய்லயே தெரிஞ்சுது, சரியாத்தான் இருக்குன்னு. இருந்தாலும் உன் வேலையாச்சே, கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்துக் கடித்தார்.