பனி ஏறாத குச்சி

துணைவேந்தரை "டேய்" என்று கூப்பிடும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. அவனுடைய உதவியாளர் முன்னால் அப்படிக் கூப்பிட்டுவிட்டால், பாவம் அந்த மனிதர், எதுவும் காதில் விழாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் மூத்தவள். இவன் கடைக்குட்டி. இடையில் ஒரு தம்பி இருந்தான். நாற்பத்தாறு வயதில் போய்விட்டான்.

அவனைக் கொண்டுபோனது எங்கள் குடும்பச் சொத்து. அம்மா வழியில் வருகிற ஒரு சிறுநீரக வியாதி. பெயர் வாயில் நுழையாது. வலிக்காது, வீங்காது. ரத்தப் பரிசோதனையில் ஒரே ஒரு எண் மட்டும் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போகும். அடிமட்டத்துக்கு வந்ததும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நடுத்தம்பிக்கு வந்தது, எனக்கு வந்தது, என் மகளுக்கும் வந்திருக்கிறது. கடைக்குட்டி மட்டும் தப்பித்தான். தப்பித்த குற்ற உணர்ச்சியில்தான் அவன் அந்த வியாதிக்கே டாக்டரானான் என்று நான் சொல்வேன். அவன் ஒத்துக்கொண்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வியாதியைக் கொடுத்த அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. அதே கோளாறு அவள் ரத்தத்திலும் இருந்தது. ஆனால் எண்பது தாண்டியும் அவள் சிறுநீரகம் கல்லுக்குண்டு மாதிரி வேலை செய்தது. அவள் உடம்பில் ஏதோ ஒன்று வியாதியைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அது என்னவென்று தெரிந்தால் எங்களுக்கு மருந்து கிடைத்த மாதிரி. தம்பி அம்மாவிடம் கெஞ்சி, ஊசி வைத்து அவள் சிறுநீரகத்திலிருந்து கடுகளவு சதை எடுத்தான். "பெத்ததுக்குக் கூலியா என்னையே கிள்ளி எடுக்கறான் பாரு," என்று அம்மா வார்டையே சிரிக்க வைத்தாள். அந்தக் கடுகளவிலிருந்து செல்களை வளர்த்து, குட்டிக் குட்டிக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் டேங்கில் உறைய வைத்தான்.

அப்போதெல்லாம் காலையில் நோயாளிகள், சாயங்காலம் ஆய்வகம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா, துவைத்தால் போகாத நீலக் கறை. பார்க்கிற நோயாளி எல்லோரிடமும் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்வான்: "கவலைப்படாதீங்க, ஆராய்ச்சி நடந்துகிட்டிருக்கு." நடுத்தம்பி சாவதற்கு முந்தின வாரம் அவனிடமும் அதைத்தான் சொன்னான். அப்போது அது உண்மைதான். அவன் ஆய்வகத்தில் சோதனைக்கு வைத்திருந்த எலிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு துறைத் தலைவர் ஆனான். அப்புறம் டீன். "மூணே வருஷம்க்கா. புது ஆஸ்பத்திரி பில்டிங் எழும்பிட்டா மறுபடி லேபுக்கே போயிடுவேன்." பில்டிங் எழும்பியது. அதற்குள் துணைவேந்தர் ஆக்கிவிட்டார்கள். வாசலில் கார், காரில் டிரைவர், டிரைவர் கையில் பூங்கொத்து. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்தான். பெண்களுக்கு விடுதி கட்டினான். தேர்வு முடிவுகள் சொன்ன தேதியில் வந்தன. கெட்டவனாக இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன மாதம் எனக்கு ஒரு போன். "அக்கா, நான்தான் எலிராணி."

அவனிடம் படித்த பெண். எலிகளைப் பார்த்துக்கொண்டதால் வந்த பெயர். இன்று ஐம்பதை நெருங்குகிற பேராசிரியர், ஆனாலும் என்னிடம் எலிராணிதான். வெளிநாட்டில் பல வருஷம் இருந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் பொட்டளவு சிறுநீரகம் வளர்க்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு, இதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருந்தாள்.

"உங்க அம்மாவோட செல்லை எழுப்பப் போறேன்க்கா. நிதி வந்துடுச்சு. குடும்பத்துல ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

உறைந்த செல்லைச் சூடாக்கி வளர்ப்பதை எழுப்புவது என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அம்மா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, எனக்குப் புல்லரித்துவிட்டது.

"எழுப்பினா என்ன தெரியும்?"

"அம்மாவோடதையும் உங்களோடதையும் பக்கத்துப் பக்கத்துல வளர்த்துப் பார்க்கலாம். உங்களோடது எந்த இடத்துல கெட்டுப்போகுதோ, அந்த இடத்துல அம்மாவோடது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுடும். அது தெரிஞ்சா போதும், மருந்து தேட ஆரம்பிச்சுடலாம்."

எனக்கு இனி என்ன தெரிந்து என்ன, என் எண் பதினெட்டுக்கு வந்துவிட்டது. மகளின் எண் இன்னும் நாற்பத்தொன்று. அவளுக்கு நேரம் இருந்தது. அன்று சாயங்காலமே அவளிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள், அவ்வளவு சந்தோஷம்.

பழைய ஆய்வகம் மருத்துவக் கல்லூரியின் அடித்தளத்தில். நானும் எலிராணியும் போனபோது தம்பி ஏற்கனவே வந்து நின்றிருந்தான். ஏதோ கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, உதவியாளரை மாடியிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தான். கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினான். அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று அவன் கை தேடவே இல்லை. அவனுடைய பழைய மேஜை மேல் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. டேங்க் மூலையில் இருந்தது, இடுப்பளவு உயரம், மேலே தூசி.

"நானே திறக்கறேன்," என்றான். கையுறை போட்டுக்கொண்டான். சின்னப் பிள்ளை மாதிரி முகம். அந்த முகத்தைப் பார்த்துப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும்.

மூடியைத் தூக்கினான். நான் இரண்டடி பின்னால் போனேன், ஏனென்றால் முன்பு பார்த்தபோது வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்து காலைச் சுற்றியது. இப்போது ஒன்றும் வரவில்லை.

எலிராணி முகம் மாறியது. தம்பி சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நீள மரக்குச்சியை எடுத்தான். ஆவியாகிக்கொண்டே இருக்கும் நைட்ரஜன் டேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் குச்சி அது. உள்ளே விட்டு எடுத்து ஒரு வீசு வீசினால், நனைந்த உயரம் வரைக்கும் வெள்ளையாகப் பனி ஏறும். விட்டான். எடுத்தான். வீசினான். குச்சி மரநிறத்திலேயே இருந்தது. மறுபடி விட்டு, அடியில் முட்டுகிற சத்தம் கேட்க அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்தான். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் குச்சியைத் தடவினான். அதற்குள் எலிராணி வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள்.

"லீக்கா இருக்கும்," என்றான்.

"லீக் இல்ல சார். யாரும் ஊத்தலை." என்றாள் எலிராணி. "இப்பத்தான் ஸ்டோர்ஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்... திட்டம் ஓடாத லேபுக்கு சப்ளை கிடையாதுன்னு ரூல் வந்துச்சாம். ரெண்டு வருஷம் ஆச்சாம்."

"எந்த மடையன் போட்ட ரூல்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான்.

அந்த விதியைப் பற்றி என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பெருமையடித்தான். ஆளில்லாத அறைகளில் ஏ.சி. ஓடுகிறது, வாயு வீணாகிறது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன் என்று. நானும் "சபாஷ்டா" என்றேன். வேண்டுமானால் முப்பது நாளுக்குள் பதில் எழுதலாம் என்று எல்லா ஆய்வகத் தலைவர்களுக்கும் மெயில் போயிருக்கிறது. இந்த ஆய்வகத்தின் தலைவர் இவன்தான். இவன் கையெழுத்தில் இவனுக்கே ஒரு எச்சரிக்கை. துணைவேந்தருடைய மெயிலை யார் படிப்பார்கள்? உதவியாளர் படித்திருப்பார், ஐயா அனுப்பியதுதானே என்று விட்டிருப்பார்.

தம்பி ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். மூடி இறுக்கமாக இருந்தது. அம்மா பெயரின் முதலெழுத்தும் தேதியும் அவன் கையெழுத்தில் அழியாமல் இருந்தன. பார்த்தால் நேற்று வைத்த மாதிரி. உள்ளே இருந்த அம்மா எப்போதோ செத்திருந்தாள். அவளை நாங்கள் இரண்டாம் முறை சாகக் கொடுத்தது எங்களுக்குத் தெரியவே இல்லை.

"டி.என்.ஏ. எடுக்கலாமே," என்றான்.

"எடுக்கலாம் சார். ஆயிரம் வித்தியாசம் கிடைக்கும். அதுல எது அவங்களைக் காப்பாத்துச்சுன்னு உயிரோட இருக்கற செல்தானே காட்டும்? அதை நம்பித்தான் நிதியே குடுத்தாங்க." இதை அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கூசியது போலிருந்தது.

நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே டேங்க்லயாடா வைப்பாங்க? நீதானே பிள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பே, ரெண்டு இடத்துல வைக்கணும்னு?"

எலிராணி தரையைப் பார்த்தாள். தம்பிதான் சொன்னான்.

"இவ வெளிநாடு போறப்ப கேட்டாக்கா. பாதிக் குப்பியைக் குடுங்க சார், அங்க வச்சு நான் பண்றேன்னு. நான்தான் தரலை."

"ஏன்?"

"நானே பண்ணணும்னு." குப்பியைத் திரும்ப வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். "திரும்பி வந்து நானே பண்ணணும்னு இருந்தேன்."

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு பிரிவில் குப்பை கொட்டியவள் நான். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, இடிந்த சுவர், எத்தனை பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவர்கள் கம்மிதான். நிறையப் பேர் சொல்வது ஒன்றே ஒன்று: பார்த்துக்கலாம்னு இருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை அங்கே தினமும் கேட்டேன். ஆனால் தாழியை மடியில் கட்டிக்கொண்டு, அடுத்தவள் கடையக் கேட்டும் தராமல், தானும் கடையாமல் இருந்தவனை அன்றுதான் பார்த்தேன். அதுவும் என் கூடப் பிறந்தவன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லிவிட்டேன்.

"உனக்கு வியாதி இல்லடா. அதனால உனக்குக் காத்திருக்க முடிஞ்சுது. எங்களுக்கு ஏது நேரம்?"

அப்படிச் சொன்னதற்காக நான் பின்னால் அழுதேன், ஆனால் திரும்பக் கேட்டால் திரும்பவும் அதைத்தான் சொல்வேன்.

என் மகளிடம் அவனே வந்து சொன்னான். காரை அனுப்பிவிட்டு நடந்து வந்தான். "இது சம்பந்தமா ஒரு குழு அமைச்சு..." என்று ஆரம்பித்தான். நான் "டேய்" என்றேன். பிறகு ஒழுங்காகச் சொன்னான், எதையும் மறைக்காமல், எலிராணி கேட்டதையும் தான் மறுத்ததையும் சேர்த்து. மகள் முழுக்கக் கேட்டாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அடுத்த வாரம் எனக்கு செக்கப் இருக்கு மாமா, வரீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் கை பழக்கத்தில் போனுக்குப் போனது, உதவியாளரிடம் நேரம் கேட்க. பாதியில் நின்றது.

"வர்றேன்மா."

வந்தான். அவன் கட்டிய ஆஸ்பத்திரி. நர்ஸ் ஓடி வந்து, "சார், நீங்க முதல்ல உள்ள போங்க," என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தான். எதிரே சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு, அதில் அவன் பெயர் பெரிதாக. அதைப் பார்க்காமல் இருக்க, முறை வரும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே இருந்தது சின்ன வயது டாக்டர். பக்கத்தில் துணைவேந்தர் உட்கார்ந்ததில் அந்தப் பையனுக்கு வியர்த்துவிட்டது. ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். மகளின் எண் முப்பத்தெட்டுக்கு வந்திருந்தது.

"உப்பைக் குறைங்க. நிறைய தண்ணி குடிங்க. மருந்துன்னு இப்போதைக்கு எதுவும் இல்லைங்க," என்றார். பிறகு, யார் சொல்லிக்கொடுத்து எந்த வழியாக அவரிடம் வந்து சேர்ந்ததோ, அதே குரலில் சொன்னார்: "ஆனா கவலைப்படாதீங்க, ஆராய்ச்சி நடந்துகிட்டிருக்கு."

"அதைச் சொல்லாதீங்க டாக்டர்," என்றான் என் தம்பி.

"சார்?"

"நடக்கலை. நின்னு போச்சு. நான்தான்..."

மகள் அவன் முழங்கை மேல் கை வைத்தாள்.

"அவர் சொல்லட்டும் மாமா," என்றாள். "எனக்கு அதைக் கேக்கணும்."

டாக்டர் என் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் அவனே தலையை ஆட்டி அனுமதி கொடுத்தான்.

"நடந்துகிட்டிருக்குங்க," என்றார் டாக்டர், இன்னொரு முறை.