பக்கத்து வீட்டு வாடை

பக்கத்து வீட்டு மீன் வாடை என்றால் ஜன்னலைத் திறந்ததும் அதிகமாக வேண்டுமே, இது குறைகிறதே என்று கோமளம் நினைத்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து வாடகைப் போர்ஷன்களிலேயே காலம் தள்ளியவள், முதல் முறையாகச் சொந்த வீடு பார்க்க வந்திருந்தாள். கண்டோன்மெண்ட் பக்கம், ஃப்ரேசர் டவுனில் இப்படியொரு கூடம் இனிமேல் எங்கே கிடைக்கும்?

"ஜன்னலைச் சாத்திடுங்கோம்மா," என்றார் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன். "பக்கத்தாத்து நோரா மீன் வறுக்கறா. இங்கே விளக்குப் போட்டா போதும், அவளுக்கு அங்கே வாணலி வெச்சாகணும். இதுக்காகவே அவளோட பேச்சை விட்டுட்டேன்."

"கண்டோன்மெண்டுக்கு வந்தா மூக்கைக் கழட்டி வெச்சுட வேண்டியதுதான்," என்று அவள் கணவர் சீனிவாசராகவன் சிரித்தார்.

கோமளம் சிரிக்கவில்லை. உள்ளே வரும்போது நோராவின் கேட்டில் பூட்டு தொங்கியதைப் பார்த்திருந்தாள். வாசற்படியில் எடுப்பாரில்லாமல் பேப்பர்கள் மழையில் ஊறிக் கிடந்தன.

வீட்டைக் காட்டுவதற்காக உள்ளறைகளில் எல்லா விளக்குகளையும் போட்டிருந்தார்கள். அவற்றின் ஒயர்கள் மரச்சட்டத்துக்குள் ஓடி, கூடத்துச் சுவரில் இறங்கி, ஸ்விட்ச் பலகையில் சேர்ந்தன. அவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். வாடை தடித்தது. சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் நெற்றிபோல் சுட்டது. புதுப் பெயிண்ட் அங்கே மட்டும் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், அடியில் கரி.

வெந்துகொண்டிருந்தது மீன் அல்ல, ஒயர்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மகள் சரளாவின் கட்டிலைப் போடலாம் என்று சற்று முன் அவளே இடம் பார்த்து வைத்திருந்தாள். பெண் அசந்து தூங்குகிறவள். எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டாள்.

"ஏன்னா, இந்தச் சுவர் சுடறது."

"மத்தியான வெயில் அடிச்சிருக்கும்."

"அந்தப் பக்கம் வெயில் ஏது? ரூம்னா இருக்கு."

அவர் காதில் வாங்கவில்லை. வெற்றிலைத் தட்டு வந்துவிட்டிருந்தது.

"மகாலக்ஷ்மி மாதிரி உங்க கையாலேயே கூடத்து லைட்டைப் போட்டுடுங்கோம்மா," என்றார் வைத்தீஸ்வரன். "தாம்பூலம் மாத்திண்டு பேச்சை முடிச்சுடலாம்."

"போடேன், கோமளம்."

சுவருக்குள் ஏதோ மெல்லப் பொரிந்தது. இருவருக்கும் அது கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் போடென்றதைப் போடாமல் இருந்ததில்லை அவள்.

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் போடலை," என்றாள், மிக மெதுவாக.