நான்கு நாள் திங்கட்கிழமை

1

இந்தக் கதை எனக்குக் குப்பைத்தொட்டியில் கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை மதியம், எங்கள் தெருமுனையில் ஒரு பெண் மூன்று டப்பாச் சாப்பாட்டைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூடிகளில் திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதியிருந்தது. கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(மென்றுகொண்டே அழுதாள் என்று முதலில் எழுதினேன். அவள் அழவில்லை. அடித்துவிட்டேன்.)

2

ஃப்ரிட்ஜைத் திறந்தாள், உள்ளே ஒரு வாரமே குளிரில் நடுங்கி—

வேண்டாம். கவிதை வாடை அடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் அப்பா வீட்டு ஃப்ரிட்ஜைத் துடைக்க ஆரம்பித்தாள். இது போதும்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். எதையும் வரிசையாக வைத்தே பழகிய கை. மேல் தட்டில் பால், கதவில் கண் மருந்து, கீழே துணியில் சுற்றிய காய். நடுத்தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு டப்பா, திங்கள் முதல் வியாழன் வரை. முன்னால் இருப்பதை மட்டுமே எடுக்க முடியும். கிழமையை, கடைச்சுவரில் மாட்டியிருக்கும் பார்வை அட்டையின் முதல் வரி அளவுக்குப் பெரிதாக எழுதுவாள்.*

* ஆறு நாள் சோறு தாங்குமா என்று சமைக்கிறவர்கள் கேட்பார்கள். வெள்ளியும் சனியும் மேலே ஃப்ரீசரில் இருக்கும். வியாழன் மதிய இடைவேளையில் வந்து கீழே இறக்கி வைப்பாள்.

3

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். தேதியும் மாதமும் மறந்துவிட்டன. கிழமையை மட்டும் டப்பா மூடியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

வெளியூரில் இருக்கும் அண்ணன் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தே வாழ்நாள் போய்விட்டது, என்னை எங்கேயும் அடைக்காதீர்கள் என்று அப்பா அவனிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் அண்ணன் இறங்கி வந்தான். ஒரே நிபந்தனை, வெள்ளிதோறும் சாயங்காலம் வீடியோவில் ஃப்ரிட்ஜைக் காட்ட வேண்டும். சனி டப்பா மட்டும் மிச்சம் இருந்தால் அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம், வீட்டிலேயே இருக்கலாம்.

அண்ணனை வில்லனாக்கிவிட எனக்குக் கை அரித்தது. ஆனால் ஒரு வெள்ளி கூடத் தவறாமல் கூப்பிடுகிறவனை எப்படி—

4

அந்த வியாழன் அவள் வந்து பார்த்தபோது நாலு டப்பாவும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள்.

"இன்னைக்குத் திங்கக்கிழமைதானே பாப்பா? நீ வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்."

முன்பெல்லாம் கடைக்குத் திங்களன்றுதான் விடுமுறை. அன்று அப்பாவும் மகளும் சேர்ந்து சாப்பிடுவார்கள். முதலாளி விடுமுறையை ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், மாற்றியது மாற்றியதுதான் என்றார். அப்பா மூடியைப் பார்த்திருக்கிறார். திங்கள் என்று இருந்திருக்கிறது. மகள் வருவாள் என்று மூடி வைத்திருக்கிறார். மறுநாளும் முன்னால் நின்றது அதே டப்பா, அதனால் அதே திங்கள். நாலு நாளும் பாலும் பிஸ்கட்டும்தான்.

வியாழன் டப்பாவைச் சுடவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். மற்ற மூன்றையும் தெருமுனைக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அண்ணன் பார்த்தபோது சனி மட்டும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் சோற்றையே மறைத்தாள்.

5

திங்கள் என்று எழுதாமல் விட வேண்டியதுதானே என்கிறீர்கள். விட்டாள். அடுத்த வாரம் இரண்டு டப்பாவில் செவ்வாய் என்று எழுதினாள். அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டார். வியாழன் அவள் போனபோது, பெருமையாகக் காலி டப்பாக்களைக் காட்டிவிட்டுக் கேட்டார்.

"இப்பல்லாம் திங்கக்கிழமை வர்றதே இல்லையா பாப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியில் திங்கள் என்று மறுபடி எழுதினாள். சுத்த முட்டாள்தனம். அவளைக் கெட்டிக்காரியாக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன், முடியவில்லை. தனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு மூன்று வாரம், வியாழன்தோறும் தொட்டிக்குப் போனாள்.

6

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. ஃப்ரிட்ஜ் பளிச்சென்று இருந்தது. நடுத்தட்டில் சனி மட்டும். மகள் ஃபோனை ஒவ்வொரு தட்டாகக் காட்டினாள். பக்கத்து அறையிலிருந்து அப்பா, நல்லா இருக்கேன்டா என்று குரல் கொடுத்தார். அவர் சட்டைக் கழுத்துக்குள் இப்போது இன்னொரு கழுத்து நுழையலாம் போல் இருந்தது.

அண்ணன் சொன்னான்:

"போதும் பாப்பா. ஃப்ரிட்ஜை மூடு. அப்பா முகத்தைக் காட்டு."

இதற்கு மேல் மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் சிக்னல் போய்விடுகிறது (எழுதியதற்கே வெட்கப்படுகிறேன்). ஒன்றில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள், அண்ணனும் சேர்ந்து அழுகிறான். ஒன்றில் முதலாளி மனம் மாறித் திங்களன்று—

மூன்றிலும் நான் மகளைத்தான் காப்பாற்றியிருந்தேன். அப்பா ஒன்றில்கூடச் சாப்பிடவில்லை.

அதனால் நிறுத்திவிட்டேன். அடுத்த அறைக்குப் பத்தடி கூட இருக்காது. இந்தாருங்கள், ஃபோனை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் இன்னும் லைனில்தான் இருக்கிறான்.