கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவர்

1

இந்தக் கதை எரிச்சலில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓர் இணையக் குழுமத்தில், பகடை உருட்டிக் கதை ஆடுகிறவர்கள் தங்களுக்கு ஆகாத ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் வெறுத்த ஆள், நியாயவான். பொய் சொல்ல மாட்டான், திருட மாட்டான், மற்றவர்களையும் விட மாட்டான். என் பங்குக்கு நானும் ஒருவரைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் திட்டு வரவில்லை. மிச்சம்தான் இது.

(ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வோம். ஒருவர் கதையை நடத்துவார், அவர் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். முறை வரும்போது தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கழுதை வயசானவர்கள்தான் ஆடுவோம், சிரிக்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "கேளம்பாக்கத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை..." வேண்டாம். அன்று நல்ல வெயில். மழையைப் போட்டால் தனிமை தானாக வந்துவிடும் என்ற சோம்பேறித்தனம் அது.

இரண்டாவது: "செங்கல்வராயன் நல்லவர், ஆனால் அவருடைய நல்ல..."

இதுவும் வேண்டாம்.

மூன்றாவது, சுமாராக: 2006இல் எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு வாடகை ஃப்ளாட் இருந்தது, ஓர் ஐ.டி. வேலை இருந்தது, பேச ஆள் இல்லை. ஞாயிறு மதியங்களில் மட்டும் என் அலுவலகத்து ஷ்யாமும் வைஷாலியும் சம்பத்தும் ஆட வருவார்கள். நான் மாஸ்டர். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரித்த செங்கல்வராயன், திருப்போரூர்க்காரர், ஒருநாள் "நானும் வரட்டா, சங்கரி?" என்று கேட்டார். வந்தார்.

3

அவர் தேர்ந்தெடுத்த பாத்திரம் சத்தியம் செய்துகொடுத்த ஒரு வீரன். பொய் கூடாது, திருட்டு கூடாது, யாரையும் நட்டாற்றில் விடக் கூடாது. மீறினால் பலமெல்லாம் போய்விடும். இப்படிப்பட்ட பாத்திரத்தை எடுக்கிறவர்கள் நைசாக வளைந்துகொடுப்பது வழக்கம். செங்கல்வராயனுக்கு அந்த வழக்கம் தெரியாது.

கொடுங்கோல் அரசனின் கஜானாவைக் கொள்ளையடிக்க மிளகு வியாபாரிகளாக வேடம் போட்டுப் போகிறார்கள். காவலன் வேடத்தில் நான் கேட்கிறேன்: "யார் நீங்கள்?"

"கொள்ளையடிக்க வந்துகீறோம்" என்றார் செங்கல்வராயன். "தப்புதான். ராஜா பண்றது அத்தவுட பெரிய தப்பு. நீயே சொல்லு, இன்னா பண்லாம்?"

ஷ்யாம் பகடையை மேசையில் எறிந்தான். "டேய் செங்கல், வாயை மூடிக்கிட்டு இருக்கவே முடியாதா உன்னால?"

"கேட்டாரே மச்சான். கேட்டா சொல்ல வாணாமா?"

எங்கள் மூன்று வாரத் திட்டம் நாசம்.

4

[இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதனால் இதைச் சேர்க்கிறேன். ஒருமுறை ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவரே சொன்னார். அவருடைய அண்ணன் நிலத்தை மனை போட்டு விற்றார். வாங்க வந்தவர்கள் இவரிடம் சும்மா விசாரித்தார்கள். "மழை வந்தா முட்டிக்கால் தண்ணி நிக்கும்னு சொன்னேன். நிக்குதே, இன்னா பண்றது? அதுலேர்ந்து வூட்ல யாரும் பேசறதில்ல." கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரிதான் சொன்னார். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு கச்சிதமான காரணம் இருந்தால் எனக்குப் பிடிக்காது. இந்தப் பத்தியையே அடித்துவிட நினைத்தேன். அவர் சொன்னதாயிற்றே என்று விட்டுவிட்டேன்.]

5

அவரை வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. "நேர்ல சொன்னா மூஞ்சி தொங்கிரும். ஆட்டத்துக்குள்ளயே முடிச்சிருவோம்" என்றான் ஷ்யாம். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. மனிதரிடம் சொல்ல வேண்டியதை அவருடைய பாத்திரத்திடம் சொல்லி அனுப்புவது.

சுரங்கத்தில் ஒரு கல் கதவை வைத்தேன். ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவர்கள் தப்ப முடியும். "பின்னால் கைதிகளும் வருகிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். பிடித்தால் நசுங்கிச் சாவார், ஓடினால் சத்தியம் போகும். எப்படியும் ஆள் காலி.

"நீங்க போங்க. நான் புடிச்சினு கீறேன்" என்று பகடையை உருட்டினார். இருபது பக்கப் பகடையில் இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. விதிப்படி அவரை நசுக்க முடியாது. அவராக விடும்வரை பிடித்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வந்தார். மற்ற மூவரும் வேறு ஊர், வேறு சண்டை என்று போய்விட்டார்கள். விதிப்படி அவருடைய முறையையும் கேட்டாக வேண்டும்.

"புடிச்சினு கீறேன் மாஸ்டர்."

அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். திருப்போரூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மதியம் முழுக்க உட்கார்ந்து, முறை வரும்போதெல்லாம் அதையே சொன்னார். முதலில் வைஷாலி சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். சம்பத்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான்: "விட்ருங்கண்ணே. நாங்கதான் எப்பவோ தாண்டிட்டோமே?"

"கைதிங்க வர்றாங்கன்னாங்களே, தம்பி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரைபடத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

6

பிறகு ஷ்யாம் அமெரிக்கா போனான். வைஷாலிக்குக் கல்யாணம். சம்பத் ஞாயிறுதோறும் மாமல்லபுரம் பக்கம் மனை பார்க்கப் போக ஆரம்பித்தான். ஒரு ஞாயிறு மணி அடித்தது, திறந்தால் செங்கல்வராயன் மட்டும், கையில் பக்கோடா பொட்டலம்.

யாராவது வருவார்களா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. நான் வரைபடத்தை விரித்தேன்.

7

முடிவுக்கு மூன்று வழி யோசித்தேன்.

மற்ற மூவரும் திரும்பி வந்து கதவின் மறுமுனையைத் தாங்குகிறார்கள். அழகாக இருக்கும். அவர்கள் வரவில்லை.

அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்கிறோம். சில வாசகர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நடந்தது. முறை அவருடையது. அன்று அவர் வழக்கமானதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"மாஸ்டர், உள்ள இன்னும் யாருனா வர்றாங்களா?"

கைதிகள் யாரும் இல்லை. இருந்ததே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நான் எதையும் வரையவில்லை, வெறும் காகிதம்தான். "யாரும் இல்லை" என்றால் அவருடைய சத்தியம் நிறைவேறிவிட்டது. கையை இறக்குவார், பக்கோடாவை முடிப்பார், பஸ் ஏறுவார். மறுபடி வர அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றால் அடுத்த ஞாயிறும் வருவார். நான் சொன்னால் நம்புவார்.

ஆட்டம் இல்லாவிட்டாலும் வாங்க என்று கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் மேசை போட்டுப் பகடை உருட்டிக்கொண்டிருக்கப் போகிறேன்?

அவர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

அன்று என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. என் நாற்காலியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன், மாஸ்டர் இனி நீங்கள். மதியம் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது, ஃப்ளாட்டில் வேறு யாரும் இல்லை, அவர் காத்திருக்கிறார். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.