தகட்டில் விட்ட துளை

குழாய்க்குள் தண்ணீர் ஏற்றும் கைப்பம்பை சூப்பர்வைசர் விஜயராஜ் அழுத்த அழுத்த, பிரஷர் கேஜின் முள் நான்கு கிலோவைத் தாண்டியது. தேவயானி முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயமெல்லாம் இல்லை, குஷிதான். காவலூர்ச் சரிவில் இறங்கும் ஆறு இஞ்ச் மெயின் குழாயிலிருந்து அவள் ஊருக்குப் பிரியும் கிளைக்குழாயை அவள்தான் வெல்டிங் செய்திருந்தாள். பத்து கிலோ பிரஷரில் பத்து நிமிடம் தாங்கினால் இன்றைக்கே ஊருக்குத் தண்ணீர். தாங்காவிட்டால் கிளையை மூடிவிட்டு மெயினை மட்டும் கீழே கொண்டுபோவதாக விஜயராஜ் காலையிலேயே சொல்லிவிட்டார்.

போன வாரம் வேறொரு வெல்டர் கிளையை நேராக ஒட்டிவிட்டுப் போயிருந்தார். ஏழு கிலோவிலேயே, கிளை மெயினோடு சேரும் கழுத்தோரம் பிளந்துகொண்டது. தடித்த குழாய்த்துண்டு வாங்கலாம் என்றால் வேலூரிலிருந்து வர நாலு நாள். "சுத்தியும் தகடு போட்டுக்கலாம் சார்," என்றாள் தேவயானி. மெயினில் துளை போட்டால் அந்த இடத்தில் இரும்பு குறைகிறது. குறைந்ததைத் துளையைச் சுற்றியே திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வளைவு ஒத்துப்போக, மிச்சமிருந்த குழாயிலேயே தகடு வெட்டினாள். தட்டித் தட்டி உட்காரவைத்து, கழுத்திலும் ஓரத்திலும் பற்றவைத்தாள். தகட்டில் மட்டும் ஒரு சின்னத் துளை விட்டாள். தகட்டுக்கு அடியில் வெல்டு கசிந்தால் தண்ணீர் அதன் வழியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு. ஒன்பது. பத்து. முள் நின்றது. நிமிடங்கள் போயின, துளையில் ஒரு சொட்டு இல்லை. அண்ணி பச்சையம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நான் அடைச்சது நல்லா நிக்குது பாத்தியா."

"இன்னாத்த அடைச்ச அண்ணி?"

"ஓட்டைய அப்டியே வுட்டுட்டுப் போய்ட்ட. தண்ணி போற கொழாயில யாராச்சும் ஓட்ட வுடுவாங்களா? தேன்மெழுவு வெச்சி அமுக்கிட்டேன்."

தேவயானிக்குச் சுரீரென்றது. குனிந்து பார்த்தாள். இரும்பின் நிறத்துக்கே அழுக்கேறிப்போன மெழுகு. உள்ளே மெல்லக் கசிந்திருந்தாலும் இது மறைத்திருக்கும்.

விஜயராஜ் வாட்சைப் பார்த்தார். "டைம் முடிஞ்சிதும்மா. பாஸ். வால்வத் தொறந்துடலாமா?"

ஆமாம் என்றால் போதும். அண்ணிக்குப் பின்னால் ஊரே குடங்களோடு நின்றது. இந்தக் கிளையை விட்டால் இன்னொன்று வராது என்பது அவளுக்குத் தெரியும். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"இன்னொரு பத்து நிமிசம் நிக்கட்டும் சார். மெழுவு புடிச்சிருக்குதா, என் வெல்டு புடிச்சிருக்குதான்னு தெரியணும்."

ஊக்கால் நெம்பியதும் மெழுகு உருண்டையாக வந்துவிட்டது, தேன் வாசத்தோடு. அண்ணி வாயில் கைவைத்துக்கொண்டாள். தேவயானி மண்ணில் முட்டிபோட்டு, முகத்தைத் துளைக்கு நேராக வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட ரிசல்ட்டுக்குக்கூட இப்படிப் பரபரத்ததில்லை.

வாசம் பிடித்து வந்த ஒரு சிற்றெறும்பு தகட்டின் மேல் ஏறியது. துளையைச் சுற்றி வந்தது. தயங்கியது. உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, மெழுகுத் துணுக்கொன்றைக் கவ்விக்கொண்டு, நனையாமல் அது வெளியே வந்தது.